பழைய ஜீப் டிரெய்லரை குவாட் பைக்குக்குப் பின்னால் மாட்ட: மலையோர விளைப் பாதைக்கு என்னென்ன மாற்றணும்?

பேச்சிப்பாறை ரோடு:

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் விளை (தோட்டம்), ஊடே கொஞ்சம் ஏத்தன் வாழை. ரோட்டுக்கரையில் இருந்து மேல் விளை வரை சுமார் 600 மீட்டர் பாதை. பாதி சரல், பாதி செம்மண், நடுவில் ஒரு ஓடை. ஆடியிலும் ஐப்பசியிலும் ஓடையில் முட்டளவு தண்ணி இருக்கும். மோசமான இடத்தில் 10 மீட்டர் நடந்தால் 2 மீட்டர் ஏறும். அந்தத் துண்டு 80 மீட்டர் நீளம், அடியில் ஒரு வளைவு.

வண்டி 4×4 குவாட் (நாலு சக்கர பைக்), பெல்ட் ஆட்டோமேட்டிக், எடை 340 கிலோ, மொத்த அகலம் 120 செ.மீ. மேனுவலில் இழுவை 550 கிலோ, கொக்கி மேல் இறங்கும் எடை 55 கிலோ என்று போட்டிருக்கு. பின்னால் 50 மி.மீ. உருண்டை வைத்த ஹிட்ச்.

டிரெய்லர் பழைய ஜீப்புக்குச் செய்தது. பெட்டி 6 அடி நீளம், 3¼ அடி அகலம், சக்கரம் இரண்டும் பெட்டிக்கு வெளியே. 7 பட்டை ஸ்பிரிங், 5 நட் ஹப், 6.00-16 டயர், சக்கர மையத்துக்கு மையம் 124 செ.மீ. வே பிரிட்ஜில் காலி எடை 260 கிலோ. தரைத் தகடு ஓட்டை விழுந்துட்டு, சேசிஸ் பார்வைக்கு நல்லா இருக்கு.

ஒரு நடைக்கு 30 லிட்டர் கேனில் ரப்பர் பால் 6, இல்லேன்னா 45 கிலோ உர மூடை 4. எங்கே ஆரம்பிக்கணும்? அச்சை குவாட் அகலத்துக்குக் குறைக்கணுமா? டயர் மாற்றணுமா?

கோட்டாறு லேத்து:

அண்ணாச்சி, முதல் வேலை வெல்டிங் இல்லை, எடை. 260 காலி, 180 சுமை, மொத்தம் 440. மேனுவலில் போட்ட 550 சமதரைக் கணக்கு, உங்க ஏற்றத்துக்கு அது செல்லாது. பக்கத் தகடு, பின் கதவு, ஸ்டெப்னி தாங்கி, முன் ஸ்டாண்டு எல்லாத்தையும் கழற்றுங்க. 35×35×5 ஆங்கிளில் சட்டம் கட்டி வெல்டு மெஷ் அடிச்சா போதும். காலி எடை 170, 180க்குள் வந்துட்டா மீதி வேலை எல்லாம் லேசு.

தகட்டைக் கழற்றினதும் சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்க, குறிப்பா ஸ்பிரிங் பிராக்கெட் உட்காரும் இடமும் குறுக்குச் சேனல் சேரும் மூலையும். கணீர்னு கேட்டா சரி. சத்தம் செத்துக் கேட்டா கிரைண்டர் போட்டு நல்ல இரும்பு தெரியும் வரை சுரண்டணும். துரு மேலே வெல்டு பிடிக்காது, பிடிச்ச மாதிரி காட்டும், அவ்வளவுதான்.

அடுத்தது இழுவைத் தண்டு. ஜீப் டிரெய்லருக்கு முன்தண்டு குட்டையா இருக்கும். குவாட் திரும்பும்போது அதன் பின் டயர் பெட்டி மூலையில் இடிக்கும், ரிவர்ஸில் கத்தரி மாதிரி டக்குனு மடங்கும். கொக்கி மாட்டும் துளையில் இருந்து பெட்டி முகப்பு வரை 110 செ.மீ. வைங்க. 60×60×4 சதுரக் குழாய் எடுத்து, பழைய முக்கோணத்தின் நுனியில் ஒட்டாமல், பெட்டிக்கு அடியில் இரண்டாவது குறுக்குச் சேனல் வரை கொண்டுபோய் இரண்டு இடத்திலும் பிடிக்கணும். நுனியில் மட்டும் ஒட்டினா வெல்டுக்கு ஒரு அங்குலம் தள்ளி கீறல் விடும்.

நீளம் மாறினா அச்சு இடமும் மாறணும். பெட்டி 183 செ.மீ., அதன் நடு 91. கொக்கியில் இருந்து பெட்டி நடு வரை 201. சுமை பரவலா இருந்து அதில் 10% கொக்கியில் இறங்கணும்னா அச்சு 223 செ.மீ.யில் இருக்கணும், அதாவது பெட்டி நடுவுக்கு 22 செ.மீ. பின்னால். மொத்தம் 350 கிலோ ஆனா கொக்கியில் 35. உங்க 55க்குள் அடங்கிடும்.

இந்த 10 சதவீதம் ஏற்றத்தில் நிக்காது. சுமையின் எடைமையம் அச்சுக்கு 40 செ.மீ. மேலே இருந்தா, உங்க 5க்கு 1 சரிவில் அது 8 செ.மீ. பின்னால் நகர்ந்த கணக்கு. 22 இருந்தது 14 ஆகும், 10% இருந்தது 6 ஆகும். கேனை இரண்டு அடுக்கா வெச்சு எடைமையம் 80க்குப் போனா 3%கூட மிஞ்சாது. அப்போ டிரெய்லர் குவாட்டின் பின்பக்கத்தைத் தூக்க ஆரம்பிக்கும், பின் டயர் சுத்தும். அதனால் கேன் ஒரே அடுக்கு.

கொக்கி விஷயத்தில் கண்டிப்பா சொல்றேன், உருண்டை இந்தப் பாதைக்கு வேண்டாம். இடவலம், மேல்கீழ் நல்லா அசையும், முறுக்கு மட்டும் கொஞ்சந்தான் தாங்கும். குவாட் ஒரு பக்கம் சாய்ஞ்சு டிரெய்லர் மறுபக்கம் சாயும்போது கப் உருண்டையை விட்டுக் கழறும், இல்லேன்னா குவாட்டையும் சேர்த்துப் புரட்டும். மூணு அசைவுக்கும் தனித்தனி ஏற்பாடு செய்யணும். நிமிர்ந்த 20 மி.மீ. கம்பிப் பின் இடவலத்துக்கு, அதுக்குப் பின்னால் படுத்த போல்ட்டு மேல்கீழுக்கு, அதுக்கும் பின்னால் சுழலும் தண்டு முறுக்குக்கு.

சுழல் தண்டுக்கு 40 என்.பி. சி கிளாஸ் கறுப்புக் குழாய் 30 செ.மீ. வாங்குங்க. வெளி விட்டம் 48.3, சுவர் 4 மி.மீ., உள் விட்டம் 40.3. உள்ளே தையல் வெல்டு பிதுங்கி நிக்கும், அதை லேத்தில் போர் அடிச்சு எடுக்காம தண்டு நுழையாது. உள்தண்டு இஎன்8 (நடுத்தரக் கார்பன் இரும்பு) பிரைட் பார், குழாயின் உள் அளவைவிட 0.4 மி.மீ. குறைச்சுக் கடையணும். அதுக்கு மேலே இடைவெளி விட்டா ஒவ்வொரு குழியிலும் அடிக்கும், குறைச்சா மண் புகுந்து இறுகும். முன்னால் காலர், பின்னால் 6 மி.மீ. வாஷர், எம்30 காஸில் நட், ஸ்பிளிட் பின். நடுவில் கிரீஸ் நிப்பிள் ஒண்ணு. ஜிஐ குழாய் வாங்காதீங்க, வெல்டு வைக்கும்போது துத்தநாகப் புகை நெஞ்சுக்கு ஆகாது, வெல்டும் ஓட்டை ஓட்டையா வரும்.

இஎன்8ஐச் சாதாரண இரும்போட 6013 வெல்டிங் ராடால் ஒட்டினா குளிர்ந்ததும் ஓரத்தில் வெடிக்கும். 150 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நல்லா காய்ஞ்ச 7018 ராடு போட்டு, சாம்பலுக்குள் மெதுவா ஆற விடணும். நம்ம ஊர் ஈரத்தில் திறந்து போட்ட 7018 பாக்கெட்டை அப்படியே எடுத்து ஒட்டினா 7018 வாங்கின காசு வீண்.

அருமனை விளை:

அச்சைக் குறைக்காண்டாம். குவாட் வெளி அகலம் 120, டிரெய்லர் 140. பக்கத்துக்கு 10 செ.மீ. வெளியே நிக்கும். அது இடைஞ்சல்தான், ஆனா குறைச்சா என்ன ஆவும்னு பாருங்க. 95 செ.மீ.க்குக் கொண்டுவந்தா சக்கரம் பெட்டிக்கு அடியில் போவும், அப்போ பெட்டியை டயருக்கு மேலே தூக்கணும். இப்போ எடைமையம் தரையில் இருந்து 80 செ.மீ.னு வெச்சா பக்கவாட்டில் 38 டிகிரி சாய்ஞ்சாத்தான் கவிழும். அகலம் 95 ஆகி, எடைமையம் 95க்கு ஏறினா 27 டிகிரியில் கவிழும். ஓடும்போது குலுக்கலில் இரண்டும் இன்னும் குறையும். வளைவில் மண்வெட்டி வெச்சு பாதையை உள்பக்கம் அரை அடி வெட்டுறது ஒரு நாள் வேலை, அதைச் செய்யுங்க.

மரம் நிக்கிற தட்டுக்குள் (சரிவில் படி மாதிரி வெட்டின இடம்) மட்டும் டிரெய்லரை இறக்காதீங்க. தட்டோட வெளி ஓரம் மழையில் ஊறினா சக்கரத்துக்கு நிக்காது, நீர்க்குழியும் இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. பாலைத் தலையில் தட்டு முனை வரை கொண்டுவந்து அங்கே ஏத்துறதுதான் வழி.

டயர் பற்றி. 6.00-16 உயரமான டயர், வேரும் கல்லும் ஏறிப் போவ அதுதான் நல்லது. கஷ்டம் தொளியில்தான் (சேறு). ஒரு சக்கரத்தில் 250 கிலோ நின்னு காத்து 28 பி.எஸ்.ஐ. இருந்தா தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 125 சதுர செ.மீ., கத்தி மாதிரி இறங்கும். அதே எடைக்கு 10 பி.எஸ்.ஐ. தாங்குற அகல டயர்னா 350க்கு மேல் கிடைக்கும். உங்க கணக்கில் சக்கரத்துக்கு 160 கிலோகூட வராது, அதனால 6.00-16லேயே 15, 16 வரை இறக்கி ஓட்டிப் பாருங்க. டியூப் டயர்னா அதுக்குக் கீழே போவாண்டாம், பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்க்கும்.

குவாட் டயர்தான் போடணும்னா 25×10-12 கிடைக்கும், ஆனா ரிம் 4 நட். சில கம்பெனிக்கு துளை வட்டம் 110 மி.மீ., சிலதுக்கு 156. ஜீப் ஹப் 5 நட், 139.7. இடையில் அடாப்டர் தட்டு கடையணும், அதுக்கு ஆவுற செலவுக்கு ஹப்போட புது ஸ்டப்பே (சக்கரம் உட்காரும் அச்சு முனை) வாங்கிடலாம். 5 நட் ஹப்பை அளக்கத் தெரியாம பலர் தப்பான ரிம் வாங்குவாங்க: ஒரு நட்டுக்கும் அடுத்ததை விட்டு அதற்கடுத்த நட்டுக்கும் மையத்துக்கு மையம் அளந்து 0.951ஆல் வகுக்கணும்.

தரைக்கு அயினிப் பலகை போடுங்க, 25 மி.மீ., பலகைக்குப் பலகை 8 மி.மீ. இடைவெளி. ரப்பர் மரம் சும்மா கிடைக்குதுன்னு மருந்து ஏத்தாததைப் போட்டா ஒரு மழைக்காலத்தில் பூஞ்சையும் வண்டும் தின்னுடும். தகடு போட்டா, பாலை உறைய வைக்க ஊத்துற பார்மிக் ஆசிட் சிந்துற இடத்தில் எல்லாம் அரிக்கும். பாலுக்கு அமோனியா கலக்குற ஆளா இருந்தா பித்தளைச் சாமான் எதையும் பெட்டிப் பக்கம் வைக்காதீங்க. அமோனியா பித்தளையை வெடிக்க வைக்கும், கிரீஸ் நிப்பிள்கூட ஸ்டீல்தான் வேணும்.

200 லிட்டர் பேரல் ஒண்ணு வெச்சா வேலை சுளுவுன்னு தோணும். பாதி நிறைஞ்ச பேரல்தான் வண்டியைக் கவிழ்க்குறது, சரிவில் பால் முழுக்க ஒரு பக்கம் ஓடும். 30 லிட்டர் கேனே சரி, கழுத்து வரை நிறைச்சு, அச்சுக்கு முன்னால் ஒரு கேன் கூடுதலா வைங்க.

பேச்சிப்பாறை ரோடு:

அருமையான விவரம். அச்சைத் தொடலை. இரண்டு சந்தேகம். 7 பட்டை ஸ்பிரிங்கை அப்படியே விடலாமா? பிரேக் இல்லாம அந்த 80 மீட்டர் இறக்கம் இறங்கலாமா? குவாட்டில் நாலு சக்கர டிஸ்க் இருக்கு. 4×4தானேன்னு நினைச்சேன்.

சரிவுக் கணக்கு:

4×4 ஏறுவதற்கு உதவும். இறங்கும்போது தீர்மானிப்பது டயருக்கும் மண்ணுக்கும் உள்ள பிடிப்பு.

குவாட் 340, ஓட்டுபவர் 75, ஆக 415. டிரெய்லர் 350. மொத்தம் 765 கிலோ. 5க்கு 1 சரிவில் கீழே இழுக்கும் விசை அதில் ஐந்தில் ஒரு பங்கு, 153 கிலோ. பிரேக் பிடிப்பது குவாட்டின் நாலு டயர் மட்டும். அவற்றின் மேல் உள்ள எடை கொக்கியில் இறங்கும் 35ஐயும் சேர்த்து 450. மழையில் ஊறிய செம்மண்ணில் பிடிப்பு 0.3 என்று வைத்தால், சரிவில் எடை முழுக்க அழுத்தாததையும் கழித்து, கிடைப்பது 132 கிலோ. 21 கிலோ குறைகிறது. நாலு டிஸ்க்கையும் இறுக்கிப் பிடித்தாலும் வண்டி நிற்காது, சக்கரம் சுற்றாமலே வழுக்கிக்கொண்டு இறங்கும். அடியில் வளைவு வேறு இருக்கிறது. டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளி மடக்கும்.

அதே கணக்கைக் காய்ந்த பாதைக்கு 0.6 என்று போட்டால் இடம் தாராளமாக இருக்கும். கோடையில் ஓட்டிப் பார்த்து நம்பிவிட்டு ஆனியில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை ஈரத்தில் சுமார் 230 கிலோ வரைதான் கணக்கில் நிற்கும், அதுவும் விளிம்பில். காலி எடை 175 போனால் மிச்சம் 55, இரண்டு கேன்கூட இல்லை. டிரெய்லருக்குப் பிரேக் வைத்தால் அதன் சக்கரங்களில் நிற்கும் 315 கிலோவும் பிடிப்புக்கு வரும், இன்னொரு 92 கிலோ விசை. 224க்கு எதிரே 153. இது வேலைக்கு ஆகும்.

எந்தப் பிரேக்? ஸ்டப்பில் பேக் பிளேட் மாட்டும் ஃபிளாஞ்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் டிரம்மும் ஷூவும் பொருத்தி, கார் ஹேண்ட் பிரேக் லீவரும் கேபிளும் வைத்து இயக்குவது எளிது. லீவரை டிரெய்லர் தண்டின் முன்பகுதியில் வையுங்கள். இறக்கத்தின் தலைப்பில் நிறுத்தி, சக்கரம் இழுத்துப்பிடித்தபடி சுற்றும் அளவுக்கு இரண்டு மூன்று பல் ஏற்றி, நடை வேகத்தில் இறங்கி, அடியில் விடுவிக்கலாம். 80 மீட்டருக்கு டிரம் பெரிதாகச் சூடாகாது. அழகான ஏற்பாடு இல்லை, ஆனால் சுழல் தண்டோடு சண்டை போடாது. தள்ளினால் தானே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் வைப்பதானால் ரிவர்ஸில் அதைப் பூட்டி வைக்க ஒரு பின் வேண்டும், இல்லையென்றால் ஏற்றத்தில் பின்வாங்கும்போது டிரெய்லர் இறுகி மடங்கும்.

பைக்கின் முன் டிஸ்க் மாஸ்டர் சிலிண்டரை ஹேண்டில்பாரில் மாட்டி டிரம் பிரேக்கை ஹைட்ராலிக்கில் இயக்கலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. 12.7 மி.மீ. பிஸ்டன் 12 மி.மீ. நகர்ந்தால் வரும் எண்ணெய் 1.5 சி.சி. இரண்டு வீல் சிலிண்டரில் 19 மி.மீ. பிஸ்டன் நாலு, ஒவ்வொன்றும் 1 மி.மீ. நகர 1.1 சி.சி. போய்விடும். ஷூ கொஞ்சம் தேய்ந்ததும் லீவர் பிடியில் முட்டும், பிரேக் இருக்காது.

இன்னொன்று: பெல்ட் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் சிலவற்றில் ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால் கிளட்ச் பிரிந்து வண்டி நியூட்ரல் போல உருளும். லோ கியரில் போட்டு மெல்லிய ஆக்ஸிலேட்டரில் பெல்ட்டைப் பிடிக்க வைத்தே இறங்க வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் காலி வண்டியில், சின்ன இறக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவட்டார் 4×4:

இவ்வளவு வேலைக்குப் பதில் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் வெச்சு வாக்கிங் பீம் போட்டா என்ன? நடுவில் ஊசலாடுற பீம், ஒரு சக்கரம் கல்லில் ஏறினா பெட்டி பாதி உயரந்தான் தூக்கும். ஸ்பிரிங்கே தேவையில்லை. தொளியிலும் இறங்காது.

கோட்டாறு லேத்து:

நேர்ப் பாதைக்கு வாக்கிங் பீம் அருமை. வளைவில் நாலு சக்கரமும் பக்கவாட்டில் தேய்க்கும், சரலில் உழுதுக்கிட்டே போகும். அடி வளைவில் அந்த இழுவை குவாட்டின் பின்பக்கத்தை வெளியே தள்ளும். எடையும் ஏறும், அதைக் குறைக்கத்தானே பாடுபடுறோம். இவருக்கு இரண்டு சக்கரம் போதும்.

ஸ்பிரிங் கேள்விக்கு: 7 பட்டையோட விட்டா காலியா வரும்போது டிரெய்லர் துள்ளும், துள்ளும்போதுதான் கொக்கியும் வெல்டும் போகும். முதல் பட்டையும் இரண்டாவதும் தொடக் கூடாது. கண் உடைஞ்சா தாங்குறது இரண்டாவதுதான். நடுவில் இரண்டை எடுத்துட்டு 180 கிலோ ஏத்தி அளங்க. 4, 5 செ.மீ. இறங்கினா சரி. இறங்கலேன்னா இன்னொண்ணு எடுங்க. கட்டு மெலிஞ்சதால் யு போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதுசு போடணும், பழசில் மரை எட்டாது. ஸ்பிரிங் பட்டையில் கேஸ் கட்டரோ வெல்டோ படவே கூடாது, பட்ட இடத்தில் முறியும்.

ஓடை இருக்குறதால் பேரிங்கை விடாதீங்க. பிரேக் பிடிச்சு ஹப் சூடா இருக்கும்போது தண்ணிக்குள் இறங்கினா உள்ளே காத்து சுருங்கி சீல் வழியா தண்ணியை இழுக்கும். ஓடைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிறுத்தினா பாதி பிரச்சினை தீரும். புது சீல், தண்ணி தாங்குற கிரீஸ், மழைக்காலம் முழுக்க மாசம் ஒருமுறை திறந்து பார்க்கணும். கிரீஸ் பால் நிறத்தில் இருந்தா தண்ணி போயிருக்கு, துடைச்சு மாற்றுங்க. இறுக்கும்போது சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுகும் வரை முறுக்கி, கால் சுற்று திருப்பி விட்டு ஸ்பிளிட் பின் போடணும்.

கொக்கி எடையை அளக்க வீட்டு எடை மெஷின் போதும். கொக்கி உயரத்திலேயே, டிரெய்லர் சமமா நிக்கும்போது, சுமையோட அளங்க. மூக்கு மேலே நிமிர்ந்து இருந்தா அளவு தப்பா வரும், ஓட்டும்போதும் சுமை பின்னால் ஓடும். மூக்கு கீழே குனிஞ்சு நிக்குதுன்னா தண்டுக்கு கீழே இறங்குற பிராக்கெட் போடுங்க. குவாட் பக்கம் கொக்கியை உயர்த்தாதீங்க. எந்த நிலையிலும் பின் கேரியரில் கட்டி இழுக்கக் கூடாது, ஏற்றத்தில் முன் சக்கரம் அந்தரத்தில் போய் வண்டி ஓட்டுறவர் மேலேயே மல்லாக்கும்.

8 மி.மீ. சங்கிலி இரண்டு, தண்டுக்கு அடியில் குறுக்கா. கொக்கிப் பின் கழன்றா தண்டு தரையில் குத்தாம சங்கிலித் தொட்டிலில் விழணும், ஆனா முழுத் திருப்பத்துக்கும் இறுகாத நீளம் இருக்கணும்.

அருமனை விளை:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம்ங்கிற சொல்லுக்குள் டிரெய்லரும் அடங்கும். அடைப்புக்குள் உள்ள இடத்தில் மட்டும் ஓடுற தனி வகை வண்டிக்கு விலக்கு உண்டு. உங்க பாதை ரோட்டுக்கரையில் முடியுது, பால் எடுக்க வர்ற பிக்கப்பை அங்கே உள்ளே திருப்ப இடம் விட்டுடுங்க. குவாட்டும் டிரெய்லரும் தாரில் இறங்க வேண்டிய தேவையே வராது.

பேச்சிப்பாறை ரோடு:

ஃபிளாஞ்ச் இருக்கு, நாலு துளையோட. துரு எடுத்துட்டு துளை அளவும் ஸ்டப் விட்டமும் அளந்து போடுறேன். தகடு கழற்றும் வேலை முடிஞ்சதும் மறுபடி வே பிரிட்ஜ். லேத்து அண்ணே, சுழல் தண்டில் கிரீஸ் நிப்பிள் மேலே வரணுமா கீழேயா?

கோட்டாறு லேத்து:

பக்கவாட்டில். மேலே வெச்சா மண் உட்காரும், கீழே வெச்சா கல் தட்டிப் பிய்க்கும். உள்தண்டில் நிப்பிளுக்கு நேரே 2 மி.மீ. ஆழத்தில் சுற்றுக் காடி ஒண்ணு கடையச் சொல்லுங்க, அப்போதான் கிரீஸ் சுத்திலும் போகும்.